சிங்கம், ஊற்று, ரோஜா: இடைக்காலப் பிரெஞ்சுக் கதைப்பாடல்களில் இயற்கை என்ன செய்கிறது?

12-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் காடுகளிலும் சரி, பிரிட்டன் காடுகளிலும் சரி, சிங்கம் கிடையாது. ஆனால் 1180-ஐ ஒட்டி கிரெத்தியன் த துருவா என்ற பிரெஞ்சுக் கவிஞர் எழுதிய ஒரு கதைப்பாடலில், ஆர்தர் அரசரின் வீரனான இவேன் காட்டுவழியே போகும்போது ஒரு சிங்கத்தைப் பார்க்கிறான். நெருப்பைக் கக்கும் பாம்பு ஒன்று அதன் வாலைக் கவ்விக்கொண்டிருக்கிறது. யார் பக்கம் நிற்பது என்று இவேன் யோசிக்கிறான். பாம்பு நஞ்சும் வஞ்சகமும் உள்ளது, சிங்கமோ உயர்ந்த பிறவி என்று முடிவு செய்து பாம்பை வெட்டுகிறான். வாலில் ஒரு துண்டும் சேர்ந்து போகிறது, வேறு வழியில்லை. விடுபட்ட சிங்கம் பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால்களை நீட்டி, தலை தாழ்த்தி, மண்டியிட்டுக் கண்ணீர் விடுகிறது.

இந்தச் சிங்கத்தைக் கவிஞர் எந்தக் காட்டிலும் பார்க்கவில்லை. அது புத்தகத்திலிருந்து இறங்கி வந்த சிங்கம். இடைக்காலப் பிரெஞ்சுக் கதைப்பாடல்களில் வரும் மரம், ஊற்று, பறவை, பனி எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான். கண்ணால் கண்டதை வர்ணித்து அழகு சேர்ப்பதற்காக அவை வருவது குறைவு. ஒவ்வொன்றுக்கும் கதையில் ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலைக்குள் ஓர் உள்ளுறையும் இருக்கிறது.

புதிதாகப் படிக்க வருபவர்கள் செய்யும் முதல் காரியம் அட்டவணை போடுவது. காடு என்றால் ஆபத்து, தோட்டம் என்றால் காதல், ரோஜா என்றால் பெண். பாடப் புத்தகக் குறிப்புகளும் இதைத்தான் தருகின்றன. இந்த அட்டவணையை நம்பினால் பாதி வழியில் மாட்டிக்கொள்வோம். ஒரே காடு ஒரே கதையில் மூன்று வருடம் போதுமான வீடாக இருந்துவிட்டு, ஒரு நாளில் சகிக்க முடியாத இடமாகிறது. 160 வரியுள்ள ஒரு பாட்டுக்குள் ஒரே பறவை மூன்று முறை பொருள் மாறுகிறது. எனவே "இது எதைக் குறிக்கிறது?" என்று கேட்பதற்கு முன்னால் "இது இங்கே என்ன செய்கிறது, யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்பது நல்லது. அப்படிக் கேட்டால் என்ன கிடைக்கிறது என்று சில பாடல்களை வைத்துப் பார்க்கலாம்.

எந்தப் பாடல்கள்?

ஏறக்குறைய 1100 முதல் 1280 வரை பழைய பிரெஞ்சு மொழியில் எழுந்த செய்யுள் கதைகளை எடுத்துக்கொள்கிறேன். படித்தவர்களின் எழுத்து மொழி லத்தீனாக இருந்த காலத்தில், பேசும் மொழியில், அவையில் பாடவோ உரக்க வாசிக்கவோ ஆக்கப்பட்டவை இவை. மூத்தது போர்ப்பாடலான 'ரோலானின் பாடல்', சுமார் 4,000 வரி. அப்புறம் ஆர்தர் அரசவை வீரர்களைப் பற்றிய நீண்ட கதைகள். எட்டு அசை கொண்ட வரிகள், இரண்டிரண்டாக இயைபு. இதில் பெரிய கை கிரெத்தியன்தான். அவர் காலத்தையொட்டி மரி த ஃபிரான்ஸ் என்ற பெண் கவிஞர் 'லே' எனப்படும் குறுங்கதைப் பாடல்கள் 12 எழுதினார். பெரூல் என்பவர் திரிஸ்தான், இஸோல்த் காதலைப் பாடினார். 13-ஆம் நூற்றாண்டில் 'ரோஜாவின் கதை' என்ற மாபெரும் கனவுக் காவியம் வந்தது.

போர்ப்பாடலில் இயற்கையின் வேலை எளிது. ரோலானின் பாடலில் மலைகள் உயர்ந்தவை, பள்ளத்தாக்குகள் இருண்டவை. படை நகரும்போது இந்த வரி மீண்டும் மீண்டும் வரும். பாடல் சொல்வது, சார்லமேன் அரசரின் வீரன் ரோலான் மாண்டுபோன, 778-இல் பிரனீஸ் மலைக் கணவாயில் நடந்த மோதலை. எந்த மலை, எந்தப் பள்ளம் என்ற நிலவியல் விவரமெல்லாம் கவிஞருக்குப் பொருட்டில்லை. வரப்போகும் துரோகத்தின் நிழல் முன்கூட்டியே விழ வேண்டும், அவ்வளவுதான். ரோலான் சாகும் முன்பே பிரான்ஸ் முழுவதும் இடியும் ஆலங்கட்டி மழையும் கொட்டுகின்றன, நிலம் நடுங்குகிறது, நண்பகலில் இருள் சூழ்கிறது. உலகம் முடியப் போகிறது என்று மக்கள் பயப்படுகிறார்கள். இல்லை, இது ரோலானின் சாவுக்கான பெருந்துயரம் என்கிறார் கவிஞர். ஏசு சிலுவையில் இருந்தபோது நண்பகலில் இருண்டதை அறிந்த அவைக்கு இதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீரனின் சாவு எந்த உயரத்தில் வைக்கப்படுகிறது என்பதை வானமே சொல்லிவிடுகிறது.

பொருள் எங்கிருந்து வந்தது?

பெரும்பகுதி தேவாலயத்திலிருந்து. உலகம் கடவுள் எழுதிய புத்தகம் என்பது அக்காலத்து அறிஞர்களின் அடிப்படை நம்பிக்கை. உலகின் ஒவ்வொரு படைப்பும் நமக்கு ஒரு நூல், ஓர் ஓவியம், ஒரு கண்ணாடி என்று அலான் த லீல் என்ற அறிஞர் லத்தீனில் பாடினார். விலங்குகளையே எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் குணத்தையும் அதன் ஆன்மிகப் பொருளையும் சொல்லும் விலங்கு நூல்கள் இருந்தன. பிலிப் த தான் என்பவர் அப்படி ஒன்றை 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பிரெஞ்சுச் செய்யுளில் எழுதி, இங்கிலாந்து அரசி அடிலைசாவுக்குக் காணிக்கையாக்கினார். இந்த நூல்களின்படி சிங்கக்குட்டி இறந்தே பிறக்கும், மூன்றாம் நாள் தந்தை உயிர் கொடுக்கும். கிறிஸ்து உயிர்த்தெழுந்த கதை அதில் தெரிகிறதல்லவா? சிங்கம் கண் திறந்தபடியே தூங்கும் என்றும் எழுதியிருப்பார்கள். உயிரியலாக இது சுத்த அபத்தம். ஆனால் இவேனின் கதையைக் கேட்டவர்கள் காதில் இந்தச் சிங்கமும் சேர்ந்துதான் உறுமியிருக்கும்.

இதே விலங்கு நூல் மரபை 13-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரிஷார் த ஃபூர்னிவால் என்ற தேவாலயக் குரு, உரைநடையில், காதலுக்குத் திருப்பிவிட்டார். ஓநாய் மனிதனை முதலில் பார்த்துவிட்டால் மனிதனுக்குக் குரல் போய்விடும், மனிதன் முதலில் பார்த்தால் ஓநாய் பலம் இழக்கும் என்பது பழைய நம்பிக்கை. தன் நிலையும் தன் காதலியின் நிலையும் அதுதான் என்று அவர் வாதாடுகிறார். ஆன்மிகத்துக்கென்று சேர்த்து வைத்த படிமங்கள் இவ்வளவு சுலபமாகக் கைமாறின.

இன்னொரு பங்கு லத்தீன் பள்ளிப் பாடத்திலிருந்து வந்தது. ஒரு நிழல் மரம், புல்வெளி, தெளிந்த நீர், பறவைப் பாட்டு, இளங்காற்று. 'இனிய இடம்' என்றால் இவற்றை இந்த வகையில் வர்ணிக்க வேண்டும் என்று மாணவர்கள் பழகினார்கள். அதனால்தான் எந்தக் கவிஞரின் புல்வெளியும் இன்னொருவரின் புல்வெளி போலவே இருக்கிறது. இது சோம்பேறித்தனம் என்று எனக்கும் முதலில் தோன்றியதுண்டு. ஆனால் வழக்கமான இடம் வழக்கமாக இருந்தால்தான் அதில் ஒன்று மட்டும் மாறும்போது கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

மூன்றாவது ஊற்றுக்கண் பிரிட்டனி, வேல்ஸ் பகுதிகளின் கெல்ட்டிய வாய்மொழிக் கதைகள். வெள்ளை விலங்கு ஒன்று குறுக்கே ஓடினால் வேறு உலகம் பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள். நீரோடையும் அப்படித்தான். மரியின் 'லான்வால்' பாட்டில் நாயகன் ஓர் ஓடைக்கரைக்கு வந்ததும் குதிரை நடுங்குகிறது. அவன் இறங்கிப் புல்லில் படுக்கிறான், சற்று நேரத்தில் தேவதை உலகத்துப் பெண்கள் அழைக்க வருகிறார்கள். எல்லை எங்கே என்று மனிதனுக்கு முன்பே குதிரைக்குத் தெரிந்துவிட்டது. 'கிஜ்மார்' பாட்டில் யாரையும் காதலிக்காத ஓர் இளைஞன், கலைமான் கொம்பு முளைத்த வெள்ளைப் பெண்மான் ஒன்றை அம்பால் அடிக்கிறான். அம்பு திரும்பி வந்து அவன் தொடையிலேயே பாய்கிறது. அவனுக்காகக் காதலில் துன்பப்படும் ஒரு பெண்தான் இந்தக் காயத்தை ஆற்ற முடியும் என்று மான் பேசுகிறது. கொம்புள்ள பெண்மான், எய்தவனையே தாக்கும் அம்பு. அவன் ஒதுக்கி வைத்திருந்த எல்லாம் ஒரே விலங்கின் உருவில் அவன் எதிரே வந்து நிற்கின்றன.

காடு

உண்மையான காட்டை முழுக்க மறந்துவிடவும் முடியாது. இந்தக் கதைகள் எழுந்த நூற்றாண்டுகளில்தான் பிரான்ஸில் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டு வயல்களாயின. மீதமிருந்த காடுகளில் பலவும் அரசருக்கும் பிரபுக்களுக்கும் உரிய வேட்டை நிலம். விறகு வெட்டி, கரி சுடுபவன், பன்றி மேய்ப்பவன், துறவி, நாட்டைவிட்டு ஓடியவன் என்று ஆட்கள் அங்கே நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். கிழக்கத்தியத் துறவிகளுக்குப் பாலைவனம் என்னவாக இருந்ததோ அதுவாக மேற்கு ஐரோப்பாவுக்குக் காடு இருந்தது என்பது வரலாற்றாசிரியர் ழாக் ல கோஃபின் கருத்து. ஊரும் சட்டமும் முடிகிற இடம் அது. ஒருவன் அங்கே போனால் ஏதாவது ஒன்றை இழந்துவிட்டோ ஒன்றைத் தேடியோதான் போகிறான்.

பெரூலின் பாடலில் திரிஸ்தானும் மார்க் அரசரின் மனைவி இஸோல்த்தும் தப்பி ஓடி மொருவா காட்டில் ஒளிந்து வாழ்கிறார்கள். தெரியாமல் குடித்துவிட்ட காதல் பானம் இருவரையும் கட்டிப்போட்டிருக்கிறது. காட்டு வாழ்க்கை கொடுமையானது என்பதைப் பெரூல் மறைக்கவே இல்லை. மான் இறைச்சி மட்டும்தான், ரொட்டி கிடையாது, துணி கிழிந்து தொங்குகிறது. குரைத்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் ஹுஸ்தான் என்ற வேட்டை நாயைக் குரைக்காமல் வேட்டையாடப் பழக்குகிறான் திரிஸ்தான். இருந்தாலும் ஒருவரால் மற்றவருக்கு வலி தெரியவில்லை.

ஒரு கோடை நாளில் இலைக் குடிசையில் இருவரும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள், நடுவே உருவிய வாள். அங்கே வந்துவிட்ட மார்க், ஆடை கலையாத நிலையையும் வாளையும் பார்த்துக் கொல்லாமல் விடுகிறார். கூரை இடுக்கு வழியாக ஒரு கதிர் இஸோல்த்தின் முகத்தில் விழுகிறது. தன் கையுறையை அங்கே வைத்து வெயிலை மறைக்கிறார் அவர். காட்டின் வெளிச்சத்துக்கும் அவள் முகத்துக்கும் நடுவில் அரசரின் கையுறை. கருணை என்று படிக்கலாம். கையுறை அக்காலத்தில் உரிமையும் அதிகாரமும் தொடர்பான சடங்குப் பொருள் என்பதால், இவள் என்னுடையவள் என்ற அறிவிப்பாகவும் படிக்கலாம். நான் இரண்டையும் சேர்த்தே படிப்பேன்.

பெரூலின் கணக்கில் அந்தப் பானத்தின் வீரியம் மூன்று வருடம்தான். அது தீரும் நாளில் திரிஸ்தான் ஒரு மானைத் துரத்திக்கொண்டிருக்கிறான். திடீரென்று நின்று, அரசவையில் இருந்திருக்க வேண்டியவன் நான், இவளையும் மாளிகையிலிருந்து குடிசைக்குக் கொண்டுவந்துவிட்டேனே என்று வருந்துகிறான். மரங்கள் அப்படியே இருக்கின்றன, குடிசையும் அதேதான். பார்க்கிற கண் மாறியதும் காடு வேறாகிவிட்டது.

இதற்கு நேர்மாறாக, அழிவே உருவான நிலமும் உண்டு. கிரெத்தியன் முடிக்காமல் விட்டுப்போன 'பெர்ஸெவால்' கதையில் நாயகன் வளர்வது பாழ்க்காட்டில். மூத்த மகன்களைப் போரிலும், அந்தத் துயரத்தால் கணவனையும் இழந்த தாய், இவனாவது வீரர்களைப் பற்றியே தெரியாமல் வளரட்டும் என்று அங்கே ஒதுங்கியிருக்கிறாள். கதை தொடங்குவது வசந்தத்தில்: மரம் தளிர்க்கிறது, பறவை பாடுகிறது, பையன் உற்சாகமாகக் காட்டுக்குள் போகிறான். தாய் பயந்தது அன்றைக்கே நடக்கிறது. வீரர்கள் வரும் சத்தத்தைக் கேட்டு முதலில் பேய்கள் என்றும், கவசம் மின்ன அவர்களைக் கண்டதும் தேவதூதர்கள் என்றும் நினைக்கிறான். வசந்தம் என்றால் காதலும் மகிழ்ச்சியும் என்று பழகிய அவைக்கு இது ஒரு முள்.

புயல் ஊற்று

இவேனின் கதைக்குத் திரும்பலாம். பிரிட்டனியின் புரோசெலியாந்த் காட்டில் ஓர் ஊற்று இருக்கிறது. அதன் மேல் உலகிலேயே அழகான பைன் மரம், குளிர்காலத்திலும் இலை உதிராது. ஊற்று பளிங்கைவிடக் குளிர்ந்தது, ஆனால் கொதித்துக்கொண்டிருக்கிறது. மரத்தில் தங்கக் கிண்ணம் ஒன்று சங்கிலியில் தொங்குகிறது, பக்கத்தில் மாணிக்கங்கள் பதித்த மரகதக் கல். கிண்ணத்தில் நீர் எடுத்து அந்தக் கல்லில் ஊற்றினால் மின்னல், மழை, பனி, ஆலங்கட்டி என்று வானம் பிய்த்துக்கொண்டு கொட்டும். புயல் ஓய்ந்ததும் இலையே தெரியாத அளவுக்குப் பறவைகள் மரத்தை மூடிக்கொண்டு பாடும். ஒவ்வொன்றும் வேறு பாட்டு, எல்லாம் சேர்ந்தால் ஒரே இசை.

மரம், நீர், பறவை என்று இனிய இடத்தின் உருப்படிகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் இங்கே அழகு முதலில் கிடைப்பதில்லை, அழிவுக்குப் பிறகுதான் கிடைக்கிறது. அந்த அழிவைத் தொடங்குவதும் வேடிக்கை பார்க்க வந்த மனிதன்தான். இன்னொன்று: புயலுக்குப் பின் அந்த நிலத்தின் காவல் வீரன் பாய்ந்து வந்து, சவால்கூட விடாமல் எனக்குத் தீங்கு செய்தாய், என் மரங்கள் விழுந்து கிடப்பதைப் பார், அதுவே சாட்சி என்று குற்றம் சாட்டுகிறான். மந்திர ஊற்று ஒருவருடைய சொத்தாகவும் இருக்கிறது! சாகசத்துக்குப் போனவனுக்கு அது அற்புதம். நிலத்துக்காரனுக்கு அது அத்துமீறல். கிரெத்தியனின் நகைச்சுவையும் கூர்மையும் இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இவேன் அந்தக் காவலனைக் கொல்கிறான், அவன் விதவை லோதீனை மணக்கிறான், ஊற்றின் காவல் இவன் பொறுப்பாகிறது. ஒரு வருட விடுப்பில் பந்தயப் போர்களுக்குப் போனவன் தவணையை மறந்துவிடுகிறான். மனைவி உறவை முறித்துச் செய்தி அனுப்புகிறாள். இவேனுக்குப் பித்துப் பிடித்து, ஆடையைக் கிழித்தெறிந்து காட்டுக்குள் ஓடுகிறான். ஒரு பையனிடமிருந்து வில்லைப் பிடுங்கிக்கொண்டு, மானைக் கொன்று பச்சையாகத் தின்கிறான். காட்டில் இருக்கும் ஒரு துறவி பயந்துகொண்டே ஜன்னல் வழியே ரொட்டியும் தண்ணீரும் வைக்கிறார். மறுநாள் முதல் இவேன் வேட்டையாடிய விலங்கை அவர் வாசலில் போடுகிறான். அவர் அதைத் தோலுரித்துச் சமைத்து வைக்கிறார், தோலை விற்று நல்ல ரொட்டி வாங்குகிறார்.

இந்தப் பண்டமாற்றைக் கவனியுங்கள். பச்சை இறைச்சி சமைத்த இறைச்சியாகிறது, ஒரு சொல் பேசாமலே இரண்டு மனிதர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் உண்டாகிறது. காட்டுக்குள் காணாமல் போன மனிதத்தனம் காட்டுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. ஒரு சீமாட்டியின் மருந்துத் தைலத்தால் புத்தி தெளிந்த பிறகுதான் சிங்கம் வருகிறது. சிங்கத்தோடு கழியும் முதல் இரவில் அது மானைப் பிடித்துத் தருகிறது, இவேன் அதை நெருப்பில் சுட்டுத் தின்கிறான். உப்பில்லை, ரொட்டியில்லை, மதுவில்லை என்று கவிஞர் குறையும் சொல்கிறார். பச்சையாகத் தின்றவன் இப்போது உப்பைத் தேடுகிறான் என்றால் குணமாகிவிட்டான் என்று அர்த்தம். அவன் தின்று முடிக்கும் வரை சிங்கம் காத்திருக்கிறது.

சிங்கம் கிறிஸ்துவா, நன்றியா, வீரமா, இவேனின் நல்ல பாதியா? நூற்றாண்டுகளாக அறிஞர்கள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். கதையில் அது செய்வதைப் பார்த்தால், கொடுத்த வாக்கை மறந்த மனிதனுக்குப் பக்கத்தில் ஒரு கடனையும் மறக்காத விலங்கு நடந்து வருகிறது. கடைசியில் இவேன் மீண்டும் ஊற்றுக்குப் போய் நீரை ஊற்றுகிறான். கோட்டையே இடிந்துவிடும்போல் புயல் அடிக்கிறது, காவலன் இல்லாத லோதீன் சமாதானத்துக்கு வர வேண்டியதாகிறது. முன்பு ஆர்வத்தில் கிளப்பிய அதே புயல் இப்போது ஒரு கணவனின் வற்புறுத்தல். முழுக்க இனிமையான முடிவு என்று எனக்குத் தோன்றியதில்லை.

வாஸ் என்ற கவிஞர் கிரெத்தியனின் காலத்தையொட்டி இந்த அற்புதங்களைப் பார்க்க அந்தக் காட்டுக்கே போனதாக எழுதியிருக்கிறார். காட்டையும் நிலத்தையும் பார்த்தார், அற்புதம் எதுவும் கிடைக்கவில்லை. முட்டாளாகப் போனேன், முட்டாளாகத் திரும்பினேன் என்று நொந்துகொள்கிறார். இன்றும் பிரிட்டனியின் பெம்போன் காட்டில் பாரந்தோன் ஊற்றைத் தேடிச் சுற்றுலாக்காரர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு பறவையின் மூன்று வாழ்வுகள்

மரி த ஃபிரான்ஸின் 'லாஸ்திக்' நைட்டிங்கேல் பறவையைப் பற்றியது. சேன் மாலோ பக்கத்தில் இரண்டு வீரர்களின் வீடுகள் அடுத்தடுத்து, நடுவே உயரமான கருங்கல் சுவர். ஒருவனின் மனைவியும் மற்றவனும் காதலிக்கிறார்கள். ஜன்னலிலிருந்து பேசிக்கொள்ளலாம், பரிசுகளை வீசிக்கொள்ளலாம், அதற்கு மேல் எதுவும் முடியாது. கோடை வருகிறது, தோப்புகள் பூக்கின்றன, நிலா வெளிச்சத்தில் அவள் தினமும் எழுந்துபோய் ஜன்னலில் நிற்கிறாள். ஏன் எழுந்து போகிறாய் என்று கணவன் கேட்கிறான். நைட்டிங்கேல் பாடுவதைக் கேட்காதவருக்கு இந்த உலகத்தில் இன்பமே இல்லை என்கிறாள்.

இங்கே பறவை ஒரு சாக்கு. வசந்தம், இரவு, நைட்டிங்கேல், காதல் என்ற தேய்ந்த வழக்கத்தை அவள் பொய்யாகப் பயன்படுத்திக்கொள்கிறாள். பொய் என்றும் சொல்ல முடியாது, அவள் இன்பம் அதுதானே. கணவனோ சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறான். வேலையாட்கள் எல்லோரையும் ஏவி, தோட்டத்து மரமெல்லாம் கண்ணியும் பசையும் வைத்துப் பறவையை உயிரோடு பிடிக்கிறான். அவள் கெஞ்சக் கெஞ்ச அவள் முன்னாலேயே கழுத்தை முறித்து அவள்மேல் எறிகிறான். மார்புக்குச் சற்று மேலே ஆடையில் ரத்தம் படுகிறது. இப்போது பறவைக்குச் சாக்கு என்ற வேலை முடிந்துவிட்டது. கணவன் தொட முடியாத ஒன்றுக்குப் பதிலாகச் செத்துப்போன உடல் அது. யாரைக் கொல்ல நினைத்தானோ அவனுக்குப் பதில் இது.

அவள் அந்தச் சிறு உடலைத் தங்க இழையால் எழுத்துகள் தைத்த பட்டில் சுற்றி, நடந்ததைச் சொல்லச் சொல்லி, காதலனுக்கு அனுப்புகிறாள். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன ஃபிலோமேலா கதை அறிந்தவர்களுக்கு இங்கே சிலிர்க்கும். நாக்கு அறுக்கப்பட்ட அவள், நடந்த கொடுமையைத் துணியில் நெய்து அனுப்பினாள். பின்னாளைய லத்தீன் மரபில் நைட்டிங்கேலாக மாறியதும் அவள்தான். காதலன் என்ன செய்கிறான்? கோபப்பட்டு வாளெடுக்கவில்லை. பொன்னாலும் மணிகளாலும் ஒரு சிறு பேழை செய்து, பறவையை உள்ளே வைத்து மூடி, எப்போதும் தன்னோடு எடுத்துச் செல்கிறான். புனிதர்களின் எலும்பை வைக்கும் பேழை போல. பாடிய பறவை இப்போது திருச்சின்னம். இது காதலின் வெற்றியா, அல்லது ஒருபோதும் அடுத்த வீட்டுச் சுவரைத் தாண்டாத காதலின் அடக்கமா? மரி சொல்வதில்லை.

ஹனிசக்கிள் என்ற படர்கொடியைப் பற்றிய அவருடைய பாட்டு இன்னும் சிறியது, 118 வரி. நாடு கடத்தப்பட்ட திரிஸ்தான், அரசி வரும் காட்டுவழியில் ஒரு ஹேசல் மரக்கிளையை வெட்டிச் செதுக்கித் தன் பெயரைப் பொறித்து வைக்கிறான். ஹேசலைச் சுற்றிப் படர்ந்த கொடி போல நாம், பிரித்தால் இரண்டுமே செத்துவிடும் என்பது செய்தி. தாவரவியல்படி ஹேசல் தனியாகவே நன்றாக வாழும். கொடி இறுகச் சுற்றினால் தண்டுதான் நெளிந்துபோகும். மரிக்கு அது தெரியுமோ என்னவோ, திரிஸ்தான் கதையின் முடிவை அறிந்தவர்களுக்கு அந்த இறுக்கம் பொருத்தமாகவே தோன்றும்.

பனியில் ரத்தம் விழும் காட்சியையும் சொல்லியே ஆக வேண்டும். பெர்ஸெவால் கதையில் வல்லூறு தாக்கிய வாத்திலிருந்து மூன்று சொட்டு ரத்தம் பனியில் விழுகிறது. வெள்ளையில் சிவப்பைப் பார்த்ததும் பெர்ஸெவாலுக்குக் காதலி பிளான்ஷ்ஃப்ளோரின் முகம் நினைவுக்கு வந்து, குதிரைமேல் சிலையாக நிற்கிறான். எழுப்ப வந்தவர்களை அடித்து வீழ்த்துகிறான், ஒருவனுக்குக் கை உடைகிறது. ஆர்தர் அவையின் வீரனான கோவேன் மட்டும் மென்மையாகப் பேசி அழைத்துப் போகிறான். அதற்குள் வெயிலில் இரண்டு சொட்டுகள் கரைந்துவிட்டன, மூன்றாவதும் மங்குகிறது. இந்தப் பையன் இதுவரை யாராவது சொன்னதைத்தான் செய்து வந்தவன், எதையும் தானாக யோசித்ததில்லை. பனியைப் பார்த்துத்தான் முதல் தடவையாக ஒன்றை இன்னொன்றாகக் காண்கிறான். குறியீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளும் ஒருவனையே கவிஞர் நமக்குக் காட்டுகிறார்.

சுவர் வைத்த தோட்டம்

தோட்டத்துக்குப் பின்னால் இரண்டு பழைய தோட்டங்கள் நிற்கின்றன: ஏதேன், மற்றும் விவிலியத்தின் இனிமைமிகு பாடலில் வரும் 'அடைக்கப்பட்ட தோட்டம்'. ஒன்று மனிதன் இழந்தது, மற்றது காதலி. எனவே தோட்டத்தில் முக்கியமானது சுவர்தான். கிரெத்தியனின் 'எரெக்' கதையில் காற்றாலேயே ஆன சுவருக்குள் ஒரு தோட்டம் இருக்கிறது. வருடம் முழுக்கப் பழம், உள்ளேயே இருந்து தின்னலாம், வெளியே எடுத்துப் போக நினைத்தால் வாசலே அகப்படாது. கழுமரங்களில் தோற்றவர்களின் தலைகள். காதலிக்குக் கொடுத்த வாக்கால் ஒரு வீரன் அங்கே அடைபட்டுக் கிடக்கிறான். யாராவது தோற்கடித்தால்தான் விடுதலை. எப்போதும் பழுக்கும் தோட்டத்தில் ஒருவன் தோல்விக்காகக் காத்திருப்பது, உலகத்தை வெளியே நிறுத்திய காதலைப் பற்றிய கிரெத்தியனின் தீர்ப்பு.

'ரோஜாவின் கதை'யில் தோட்டமே முழு உலகம். 1230 வாக்கில் கியோம் த லோரிஸ் தொடங்கினார். மே மாதக் கனவில் ஓர் இளைஞன் மதில் சூழ்ந்த தோட்டத்தைக் காண்கிறான். மதிலின் வெளிப்புறத்தில் வெறுப்பு, பேராசை, பொறாமை, முதுமை, வறுமை முதலிய பத்து உருவங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. இவர்களுக்கு உள்ளே இடமில்லை. முதுமையும் வறுமையும் குற்றங்களாம்! கதவைத் திறப்பவள் பெயர் ஓய்வு. இந்தத் தோட்டம் யாருக்கானது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

உள்ளே பைன் மரத்தடியில் நார்சிஸஸ் செத்த ஊற்று. அடியில் இரண்டு படிகங்கள், ஒவ்வொன்றிலும் பாதித் தோட்டம் தெரியும். அதில்தான் அவன் முதலில் ரோஜாச் செடியைப் பார்க்கிறான். நேராகப் பார்க்கவில்லை, தன்னையே காதலித்துச் செத்தவனின் நீரில் பிரதிபலிப்பாகப் பார்க்கிறான். அப்போது காதல் தேவன் அம்பு விடுகிறான். ரோஜா என்றால் காதலி என்பதோடு நிறுத்திக்கொண்டால் இந்த ஊற்றைத் தவற விடுவோம். அவன் விரும்புவது அவளையா, தன் ஆசையின் நிழலையா என்ற சந்தேகத்தைக் கியோம் தொடக்கத்திலேயே நட்டுவிட்டார். அந்த ரோஜா ஒருமுறைகூடப் பேசுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கியோம் சுமார் 4,000 வரியோடு நிறுத்திவிட, ழான் த மன் 1270-களில் 17,000-க்கும் மேற்பட்ட வரிகளைச் சேர்த்தார். இங்கே இயற்கையே ஒரு பெண்ணாக வருகிறாள். சாவு ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வர, உயிரினங்கள் அற்றுப்போகாமல் இருக்கப் பட்டறையில் ஓயாமல் சுத்தியல் அடிக்கிறாள். எல்லாம் என் சட்டப்படி நடக்கின்றன, மனிதன் மட்டும் மீறுகிறான் என்று பாவமன்னிப்பு கேட்பதுபோல் குறைப்பட்டுக்கொள்கிறாள். அவளுடைய பாதிரியாரான ஜீனியஸ், கியோமின் சதுரத் தோட்டத்தையும் அழியும் ஊற்றையும் மட்டம் தட்டி, நல்லாயனான கிறிஸ்துவின் வட்டப் பூங்காவையும் உயிரூற்றையும் அங்கே பைனுக்குப் பதில் நிற்கும் ஒலிவ மரத்தையும் புகழ்கிறான். அப்படிப்பட்ட பிரசங்கத்துக்குப் பிறகு நாயகன் போய் ரோஜாவைப் பறிப்பது மூடி மறைக்காத உடலுறவு வர்ணனை. 1401-ஐ ஒட்டி கிறிஸ்தீன் த பிஸான் என்ற பெண் எழுத்தாளர் இந்த நூல் பெண்களை இழிவுபடுத்துகிறது என்று கடுமையாக எதிர்த்து எழுத, பாரிஸ் அறிஞர்களிடையே பெரிய சண்டையே நடந்தது. பூ வெறும் பூவாக இருந்திருந்தால் யாரும் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள்.

படிக்கத் தொடங்குபவர்களுக்கு என் யோசனை: 'லாஸ்திக்' பாட்டை முதலில் எடுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. மரியின் பாடல்களுக்கும் இவேன் கதைக்கும் நல்ல ஆங்கில மொழிபெயர்ப்புகளும் இன்றைய பிரெஞ்சு வடிவங்களும் கிடைக்கின்றன. இவேன் 7,000 வரிக்குள் முடிந்துவிடும். ரோஜாவின் கதையில் கியோமின் பகுதியை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டாலும் குற்றமில்லை. ழானுக்குள் இறங்கினால் தோட்டத்தைவிட வாதம்தான் அதிகம், அதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.